எலும்புக்கும் உயிர் உண்டு!

"பாட்டி குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது!"

இந்தச் செய்தியைக் கேட்காத குடும்பம் உண்டா?

அதே இடத்தில் மருமகளும் ஒரு நாள் வழுக்கி விழுந்திருப்பாள். தைலத்தைத் தடவிக்கொண்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். அவள் எலும்பு முறியவில்லை.

தரை ஒன்றுதான். விழுந்த உயரமும் ஒன்றுதான். பாட்டியின் எலும்பு மட்டும் ஏன் முறிந்தது?

"வயதாகிவிட்டது. என்ன செய்வது?" என்று பெருமூச்சு விடுகிறோம்.

அது பாதிப் பதில்தான். எலும்பு முறிந்தது இன்றைக்கு. அது பலம் இழக்கத் தொடங்கியதோ பல ஆண்டுகளுக்கு முன்பு. பாட்டி பாவாடை கட்டிய சிறுமியாக இருந்தபோதே, அந்த எலும்புக்குப் போக வேண்டிய சத்து போகாமல் இருந்திருக்கலாம்.

சிறுமியின் சாப்பாட்டுக்கும் பாட்டியின் இடுப்பு எலும்புக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தெரிந்துகொள்ள, எலும்பு என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

செத்த கட்டை அல்ல!

எலும்பு என்றதும் நம் கண்முன் வருவது, உலர்ந்து வெளுத்துப்போன ஒரு துண்டு. அது செத்த எலும்பு.

உயிருள்ள மனிதனின் எலும்பு அப்படி இருக்காது. அதற்குள் ரத்தம் ஓடுகிறது. நரம்புகள் இருக்கின்றன. மேலே மெல்லிய தோல் போன்ற உறை இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் கட்டில் கால் இடித்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதே, அந்த வலிக்கு அந்த உறையில் உள்ள நரம்புகளே முக்கிய காரணம்.

வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள் உண்டு. இரண்டு கைகளிலும் பாதங்களிலும் மட்டும் 106 எலும்புகள்! மொத்தத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நீளமானது தொடை எலும்பு. எல்லாவற்றிலும் சிறியது காதுக்குள் இருக்கிறது. அதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர்தான்.

பிறந்த குழந்தைக்கு எலும்புகள் நம்மைவிட அதிகம். சுமார் 300 இருக்கும். வளர வளரப் பல எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. குழந்தையின் உச்சிக்குழி தொட்டால் மெத்தென்று இருக்கிறதல்லவா? மண்டை ஓட்டின் எலும்புகள் இன்னும் சேரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

எலும்பின் வேலை உடம்பைத் தாங்குவது மட்டும் அல்ல. அதற்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் உற்பத்தி ஆகிறது. நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் சிவப்பு அணுக்கள் அங்கே பிறக்கின்றன. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி அணுக்கள் பிறந்திருக்கும்!

சிமெண்டும் கம்பியும்

எலும்பு எதனால் ஆனது? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

கோழிக் கறி சமைக்கும் நாளில் இரண்டு கால் எலும்புகளைச் சுத்தமாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வினிகரில் ஊறப்போடுங்கள். சில நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். அது ரப்பர் போல வளையும்! எலும்பில் இருந்த சுண்ணாம்புச் சத்தை வினிகர் கரைத்துவிட்டது. மிச்சம் இருப்பது கொலாஜன் என்ற புரத நார்.

இன்னொரு எலும்பைப் பெரியவர்கள் நெருப்பில் நன்றாகச் சுட்டெடுக்கட்டும். அது உருவம் மாறாமல் வெளுத்துப்போகும். விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிரும். நார் எரிந்துவிட்டது, சுண்ணாம்பு மட்டும் நிற்கிறது.

கான்கிரீட் தளம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் கம்பி கட்டி, அதன் மேல் சிமெண்டுக் கலவை கொட்டுகிறார்கள். கம்பி இல்லாத தளம் வெடித்துவிடும். சிமெண்டு இல்லாத கம்பி வளைந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் பலம்.

எலும்பும் அப்படித்தான். புரத நார்தான் கம்பி. கால்சியம் என்ற சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் சேர்ந்த உப்புதான் சிமெண்டு.

இடிப்பவரும் கட்டுபவரும்

கட்டடத்துக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கட்டடத்தைக் கட்டி முடித்ததும் கொத்தனார் போய்விடுகிறார். எலும்பில் இருக்கும் கொத்தனார் போவதே இல்லை!

எலும்புக்குள் இரண்டு விதமான உயிரணுக்கள் வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் பழைய எலும்பைக் கரைத்து அகற்றுகிறது. இன்னொரு கூட்டம் அந்தப் பள்ளத்தில் புது எலும்பைக் கட்டுகிறது. ஒரு சின்ன இடத்தை இடித்துக் கட்டி முடிக்கச் சில மாதங்கள் ஆகும்.

இப்படி ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு புதுப்பிக்கப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் உங்கள் உடம்பில் இருந்த எலும்பில் பெரும்பகுதி இன்று இல்லை.

சிறு வயதில் கட்டும் கூட்டம் சுறுசுறுப்பாக இருக்கும். அதனால் எலும்பு நீள்கிறது; கனக்கிறது. நடு வயதில் இருவர் வேலையும் ஏறத்தாழச் சமம். வயது ஏற ஏற இடிக்கும் கூட்டத்தின் கை ஓங்கிவிடுகிறது. எலும்பு நோய்கள் பலவற்றுக்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எலும்பு நீளமாக வளர்வது அதன் முனையில் உள்ள குருத்துத் தட்டில். வாலிப வயதில் அந்தத் தட்டு எலும்பாக மாறி மூடிக்கொள்கிறது. மூடிய பிறகு, "உயரமாக வளரலாம்" என்று விளம்பரம் செய்யும் எந்த டானிக்கும் ஓர் அங்குலம்கூட உயர்த்த முடியாது. பணம்தான் குறையும்!

உடம்பின் பாங்கி

எலும்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது உடம்பின் பாங்கி!

நம் உடம்பில் உள்ள கால்சியத்தில் நூற்றில் 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. வளர்ந்தவர் உடம்பில் அது சுமார் ஒரு கிலோ. மிச்சம் ஒரு பங்கு ரத்தத்திலும் தசையிலும் மற்ற உறுப்புகளிலும் இருக்கிறது. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் இதயம் துடிக்காது, தசை சுருங்காது, ரத்தம் உறையாது.

கழுத்தில், தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைகிறதா என்று கணக்குப் பார்ப்பது அவற்றின் வேலை. குறைந்தால் உடனே எலும்புக்குக் கட்டளை போகிறது: "கொஞ்சம் கால்சியம் எடுத்துக் கொடு!"

எலும்பு கொடுக்கிறது. சாப்பாட்டில் கால்சியம் வந்தால் திருப்பிப் போட்டுக்கொள்கிறது. வராவிட்டால்? போட்ட பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தால் பாங்கிக் கணக்கு என்ன ஆகும்? அதே கதிதான்.

இந்தக் கணக்கில் பணம் போடும் காலம் சுமார் 30 வயது வரைதான். அதிலும் பெரிய தொகை சேர்வது பத்து வயது முதல் இருபது வயதுக்குள். அதற்குப் பிறகு, சேர்த்ததை வைத்துக் காலம் தள்ள வேண்டும்.

தாய்க்குக் கால்சியம் இன்னும் அதிகமாகத் தேவை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் அவள் எலும்பிலிருந்து ஒரு பகுதி கால்சியம் பாலுக்குப் போகிறது. பால் மறக்கச் செய்த பிறகு எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அவளுக்கு நல்ல சாப்பாடு இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

வெயில் தந்த மருந்து

எலும்பு நோய்களில் குழந்தைகளைத் தாக்குவது ரிக்கெட்ஸ். எலும்பில் சிமெண்டு சேராமல், நார் மட்டும் இருக்கும் நிலை இது. கால் எலும்பு உடம்பின் பாரம் தாங்காமல் வில் போல வளையும். மணிக்கட்டு தடித்துவிடும். உச்சிக்குழி மூடத் தாமதமாகும். குழந்தை நடக்கவும் தாமதமாகும்.

ஐரோப்பாவில் ஆலைகள் பெருகிய காலத்தில் நகரத்துக் குழந்தைகளிடம் இந்த நோய் மிக அதிகமாக இருந்தது. வானம் முழுக்கப் புகை. சந்துகளில் வெயில் விழாது.

1822-ம் ஆண்டில் போலந்து நாட்டு டாக்டர் சினியாடெக்கி ஒரு விஷயத்தைக் கவனித்தார். வார்சா நகரத்துக் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வருகிறது. கிராமத்துக் குழந்தைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. "குழந்தைகளை வெயிலில் விடுங்கள்" என்றார். வெயிலாவது, மருந்தாவது என்று வைத்திய உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் போயின. முதல் உலக யுத்தம் முடிந்த சமயம். பெர்லின் நகரில் குழந்தைகள் பசியாலும் நோயாலும் வாடினார்கள். அங்கே ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் வெளிச்சத்தில் உட்காரவைத்தார். அந்த விளக்கு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைத் தருவது. பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் சுண்ணாம்பு சேர்ந்திருந்தது!

அதைவிட ஆச்சரியம் இன்னொன்று. ஒரு கையில் மட்டும் வெளிச்சம் படும்படி செய்தார். இரண்டு கை எலும்புகளும் குணமாயின! வெளிச்சம் தோலில் ஏதோ ஒரு பொருளை உண்டாக்குகிறது. அது ரத்தத்தின் வழியாக உடம்பு முழுவதும் போகிறது என்பது இதனால் விளங்கியது. அவர் இதை வெளியிட்ட ஆண்டு 1919.

அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி என்பவர், மீன் ஈரல் எண்ணெய் ரிக்கெட்ஸைத் தடுக்கிறது என்று நாய்க்குட்டிகளை வைத்துக் காட்டினார். எண்ணெயில் இருந்த அந்தச் சத்துக்கு 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி மெக்கல்லம் வைத்த பெயர்தான் வைட்டமின் டி. வெயிலில் நம் தோலில் உண்டாவதும் அதுவேதான்.

குடலில் இருந்து கால்சியத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு பால் குடித்தாலும் பெரும்பகுதி வீண்.

"நம் ஊரில்தான் வெயிலுக்குப் பஞ்சம் இல்லையே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தியாவில் வைட்டமின் டி குறைந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். காரணம், வெயில் வெளியே அடிக்கிறது. நாம் உள்ளே இருக்கிறோம்! கருத்த தோலுக்கு இந்த வைட்டமினை உண்டாக்க அதிக நேரமும் வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. அதிகாலை இளம் வெயிலில் நின்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் அது தாராளமாக இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயன் இல்லை.

முறிந்தால் ஒட்டுமா?

முறிந்த எலும்பு ஒட்டுவது இயற்கையின் பெரிய அதிசயங்களில் ஒன்று. உடைந்த பானை தானாக ஒட்டுமா? எலும்பு ஒட்டும். ஏனென்றால் அதற்கு உயிர் இருக்கிறது.

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. பிறகு குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற பாலம் உண்டாகிறது. அந்தப் பாலத்தில் சுண்ணாம்பு சேர்ந்து கெட்டியாகிறது. கடைசியில் கொத்தனார்கள் வந்து, வேண்டாத மேட்டைச் செதுக்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பெரியவர்களுக்கு மணிக்கட்டு எலும்பு ஒட்டச் சுமார் ஆறு வாரம். தொடை எலும்புக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஒட்டிவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தாமதமாகும்.

டாக்டரோ நாட்டு வைத்தியரோ எலும்பை ஒட்டவைப்பதில்லை. ஒட்டுவது எலும்பேதான். முனைகளை நேராகச் சேர்த்து, அசையாமல் வைப்பதுதான் வைத்தியர் வேலை. அதற்காக டச்சு ராணுவ டாக்டர் மத்தைசன் 1851-ல் கண்டுபிடித்ததுதான் மாவுக்கட்டு.

நம் பக்கத்தில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் வழக்கம் பழையது. ஆந்திரத்தின் புத்தூர் கட்டைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து இன்றும் பலர் போகிறார்கள். எளிய முறிவுகள் அந்தக் கட்டிலும் ஒட்டுவது உண்டு. ஆனால் எது எளிய முறிவு, எது ஆபத்தான முறிவு என்பது எக்ஸ்ரே பார்க்காமல் தெரியாது. ஆகவே எங்கே கட்டுவதாக இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், குழந்தைக்கு முழங்கையில் முறிந்தால், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

கட்டுப் போட்ட பிறகு விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி தாங்க முடியாமல் ஏறிக்கொண்டே போனாலோ, மாவுக்கட்டாக இருந்தாலும் நாட்டுக் கட்டாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிட்டால் ரத்த ஓட்டம் நின்று கையையே இழக்க நேரிடும்.

விழுந்தவரை என்ன செய்யக் கூடாது? முறிந்த இடத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது. ஒரு குச்சியையோ, மடித்த செய்தித்தாளையோ அணைகொடுத்து, முறிவுக்கு மேலும் கீழும் துணியால் கட்டி, அசையாமல் அழைத்துச் செல்லுங்கள்.

தண்ணீரில் வந்த வினை

கால்சியம் குறைந்தால் எலும்பு கெடும். வேறொரு பொருள் அளவுக்கு மீறினாலும் எலும்பு கெடும். இதை உலகுக்கு எடுத்துச் சொன்னதில் சென்னைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு.

அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர் ஜில்லாவும் சேர்ந்திருந்தது. அங்கே சில கிராமங்களில் விசித்திரமான நோய் ஒன்று காணப்பட்டது. நடு வயதிலேயே முதுகு கட்டை போல விறைத்துவிடும். குனிய முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் டைரக்டராக இருந்த ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்டு, மன்னாடி நாயர் ஆகியோர் இதை ஆராய்ந்தார்கள். எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் சாக்கட்டி போல வெளுத்துத் தடித்திருந்தன. முதுகெலும்பின் மூட்டுகள் ஒன்றோடொன்று இறுகியிருந்தன. காரணம், கிணற்றுத் தண்ணீரில் இருந்த புளோரைடு! பாறையில் இருந்து அது தண்ணீரில் கரைந்து வருகிறது. 1937-ல் அவர்கள் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள்.

இந்த வினை நெல்லூரோடு நிற்கவில்லை. இன்றைய தெலங்கானாவில் நலகொண்டா, தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதனால் மிகவும் பாதிக்கப்பட்டவை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொடுப்பதற்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

ஒரு லிட்டர் தண்ணீரில் புளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் புளோரைடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும், புளோரைடு அப்படியே நிற்கும்! கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. புது ஆழ்துளைக் கிணறு போட்டால், குடிக்கும் முன் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு இதற்கென்று சோதனைக்கூடங்கள் இருக்கின்றன.

சத்தம் போடாத நோய்

இப்போது பாட்டியின் விஷயத்துக்கு வருவோம். அவளுக்கு வந்தது எலும்பு மெலிவு நோய். டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். துளை விழுந்த எலும்பு என்று அர்த்தம். வெளியே பார்த்தால் எலும்பு எலும்பாகத்தான் இருக்கும். உள்ளே கறையான் அரித்த உத்தரம் போல இருக்கும்.

இதை மூட்டுத் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. "எலும்பு தேய்ந்துவிட்டது, முழங்கால் வலிக்கிறது" என்கிறோமே, அங்கே முதலில் தேய்வது மூட்டில் உள்ள வழவழப்பான குருத்தெலும்பு. அந்த நோய் வலியோடு வரும். எலும்பு மெலிவுக்கு வலியே கிடையாது. முறியும் வரை மூச்சுக் காட்டாது!

பெண்களுக்கு இது ஏன் அதிகம்? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு, எலும்பை இடிக்கும் கூட்டத்தை அடக்கி வைத்திருக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் அந்தச் சுரப்பு குறைகிறது. இடிப்பவர்களுக்குக் கட்டுப்பாடு போய்விடுகிறது. அடுத்த ஐந்து, ஏழு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு எலும்பைக்கூடச் சிலர் இழந்துவிடுகிறார்கள். இந்தச் சம்பந்தத்தை 1940-களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டியவர், பாஸ்டன் நகரத்து டாக்டர் புல்லர் ஆல்பிரைட்.

கருப்பையை எடுக்கும் ஆபரேஷனில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், இந்த இழப்பு இளம் வயதிலேயே தொடங்கிவிடும். எடுப்பது அவசியமா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆண்களும் தப்பிவிட முடியாது. புகை, மது, உழைப்பில்லாத வாழ்க்கை, ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுவது எல்லாம் எலும்பை மெலியச் செய்யும்.

முறிவு மூன்று இடங்களில் அதிகம் வருகிறது: மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு. முதுகெலும்பில் வரும் முறிவு பல சமயம் தெரிவதே இல்லை. எலும்பு நசுங்கி உட்கார்ந்துவிடும். "அம்மா கூன் போட்டுக் குள்ளமாகிவிட்டாள்" என்று வேடிக்கையாகச் சொல்வோம். அது வேடிக்கை அல்ல, எச்சரிக்கை! நாலு சென்டிமீட்டர் உயரம் குறைந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இடுப்பு முறிவுதான் மிகக் கொடியது. அதற்கு ஆளான முதியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஓர் ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். முறிவு மட்டும் அவர்களைக் கொல்வதில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பதால் வரும் நுரையீரல் சளி, படுக்கைப் புண், ரத்தக்கட்டு ஆகியவைதான் பலரைக் கொண்டுபோகின்றன.

"இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு? படுத்திருக்கட்டும்" என்று சில குடும்பங்களில் முடிவு செய்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்த அன்பே ஆபத்தாகிவிடும். உடம்பு தாங்கும் என்று டாக்டர் சொன்னால், ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, சீக்கிரம் எழுந்து நடக்கவைப்பதுதான் பாட்டியைக் காப்பாற்றும் வழி.

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்ற எக்ஸ்ரே சோதனை இருக்கிறது. வலி இல்லை, ஊசி இல்லை. எலும்பு மெலிந்திருந்தால் மருந்தும் உண்டு. வாரம் ஒரு மாத்திரை, ஆண்டுக்கு ஓர் ஊசி என்றுகூட வந்துவிட்டது. ஒரு தடவை லேசாக விழுந்து மணிக்கட்டு முறிந்த அம்மாவுக்கு, மாவுக்கட்டோடு விஷயம் முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. இடுப்பு முறியும் முன் கிடைத்த தந்தி அது!

அடுப்பங்கரையில் இருக்கும் மருந்து

வளர்ந்தவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் சொல்லியிருக்கிறது. அதை எங்கே தேடுவது?

ஒரு தம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. தயிரும் மோரும் நல்லவை. பால் வாங்க வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். நம் ஏழைகளின் தானியமான கேழ்வரகு இருக்கிறது! 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதே எடை அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம்தான். கேழ்வரகுக் கூழையும் களியையும் மறந்துவிட்டு மூன்று வேளையும் சோறு என்று ஆனதில் எலும்புக்குத்தான் நஷ்டம்.

எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் கால்சியம் நிறைந்தவை. சிமெண்டு மட்டும் போதாது. கம்பியும் வேண்டும் அல்லவா? அதற்குப் பருப்பு, பயறு, முட்டை, மீன்.

சத்து மட்டும் போதுமா? வேலையும் வேண்டும். எலும்பின் மேல் பாரம் விழுந்தால்தான் கட்டுகிற கூட்டம் சுறுசுறுப்பாகும். டென்னிஸ் ஆடுபவரின் ஆடும் கையில் எலும்பு தடித்திருக்கும். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதப்பவர்களுக்கோ இடுப்பு, கால் எலும்புகள் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு என்று குறைந்துகொண்டே போகின்றன. உடம்பின் பாரத்தைக் கால் தாங்காததுதான் காரணம். நடப்பதும், மாடிப்படி ஏறுவதும், குழந்தைகள் பாண்டி ஆடுவதும், கயிறு தாண்டுவதும் எலும்புக்கு உரம்.

வீட்டில் முதியவர் இருந்தால், குளியலறைத் தரையைப் பாசி இல்லாமல் தேய்த்து வையுங்கள். சுவரில் ஒரு கைப்பிடி அடியுங்கள். இரவில் எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கண்ணில் புரை இருந்தால் ஆபரேஷன் செய்துவிடுங்கள். செலவு கொஞ்சம்தான், தடுப்பதோ பெரிய துன்பம்.

முதுகு வலி வாரக்கணக்கில் நீடித்து, மாலையில் காய்ச்சலும் உடம்பு இளைப்பும் சேர்ந்தால் அது முதுகெலும்பில் வந்த காசநோயாக இருக்கலாம். பிடிப்பு என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டிருக்காமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரையாலேயே பெரும்பாலும் குணமாகும்.

கடைசியாக ஒன்று.

நம் வீடுகளில் பால் முதலில் யாருக்கு? பையனுக்கு. முட்டை யாருக்கு? சம்பாதிக்கிறவருக்கு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுவது யார்? வீட்டுப் பெண். வயதுக்கு வந்த மகளையோ, "வெயிலில் விளையாடாதே, கருத்துப்போவாய்" என்று உள்ளே உட்காரவைத்துவிடுகிறோம். எலும்பு சேமிக்கும் வயதில் அவளுக்குப் பாலும் இல்லை, வெயிலும் இல்லை, ஓட்டமும் இல்லை!

பெண்ணின் கல்யாணத்துக்கு நகை சேர்க்காத பெற்றோர் இல்லை. நகையை அவசரத்துக்கு அடகு வைக்கலாம், பிறகு மீட்கலாம். எலும்பு அப்படி அல்ல. இருபது வயதுக்குள் சேர்க்காமல் விட்டதை அறுபதாவது வயதில் முழுவதும் மீட்க முடியாது.

இன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது, மகளின் தட்டையும் ஒரு தடவை பாருங்கள்.